ஓரக்குறி இல்லாத கோடுகள்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்பது பக்கம் என்று படித்தால் பைபிளை ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். இந்தக் கணக்கைப் போட்டவள் என் மனைவி. கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் போட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். வருடத்தின் முதல் திங்கட்கிழமை தொடங்கினாள். எட்டாவது மாதம், தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் பக்கத்தோடு இறந்துபோனாள். மீதியை நான் படித்தேன். முடிக்கப் பதினொரு பக்கம் இருக்கும்போது நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தீர்கள்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. அவள் இளைப்பு நோயால் செத்தாளா, என்னால் செத்தாளா. மூன்று நாளாக அதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறீர்கள். இன்று காலை தாளும் பேனாவும் கொடுத்து, "தம்பி, நிதானமா எழுதுங்க. எழுத்துப்பிழை பாத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க, அதை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க" என்றீர்கள். உங்கள் ஆட்கள் தட்டச்சு செய்த அறிக்கையை நான் படித்தேன். முதல் பக்கத்திலேயே ஏழு பிழை. அதனால் நானே கவனமாக எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். கல்லூரியில் இலக்கியம் படித்தேன். கதைப் புத்தகம் எங்களிடம் வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். பள்ளிக்கூட வழிகாட்டிகள், சட்டத் தொகுப்புகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்கள், இவைதான் வரும். எங்கள் அறை இயந்திரக் கூடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. மேசைகள் நாள் முழுவதும் மெல்ல நடுங்கும். அங்கே மூன்று பேர். பிரிவுத் தலைவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். இன்னொருவர் கமா அக்கா. அவர் கைபட்ட வாக்கியத்தில் குறைந்தது இரண்டு கமா கூடியிருக்கும்.

எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருடம். அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் காலை நேர வேலை பார்த்தாள். நல்ல குரல். ஆறு வயதிலிருந்து ஆஸ்துமா. இரண்டு இன்ஹேலர் வைத்திருந்தாள். ஒன்று காலையும் மாலையும் தவறாமல் இழுக்க வேண்டியது, குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். மற்றது திடீரென்று இளைத்தால் உதவுவது, கைப்பையில் இருக்கும். இரண்டையும் மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவது என் பொறுப்பு.

நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் அவள் ஒரு சீட்டைப் பார்த்தாள். பார்வை போய்விட்ட ஒரு கல்லூரி ஆசிரியருக்கு வாசித்துக்காட்ட ஆள் வேண்டும்.

"ஏங்க, பைபிள் முழுசையும் ஒரு வருஷத்துல படிக்கணுமாம். சாமி கும்பிடறதுக்கு இல்லையாம். இலக்கியமா கேக்கணுமாம்."

"உனக்கு மூச்சு தாங்குமா?" என்றேன்.

"தாங்கலைன்னா நடுவுல தண்ணி குடிப்பேன். நீங்களும்தான் காலேஜுல இலக்கியம் படிச்சீங்க. என்கிட்ட ஒரு கதை சொல்லியிருக்கீங்களா? இனிமே நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். இரவுச் சாப்பாட்டின்போது அன்றன்றைய பகுதி வரும். மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போன தகப்பனைப் பற்றி ஒருநாள் சொன்னாள். "மூணு நாள் நடக்கிறாங்க. அந்த மூணு நாளும் ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஒரு வரிகூடக் கிடையாதுங்க. எழுதாம விட்டதுலதான் கதை இருக்குன்னு சார் சொன்னார். சாருக்கு ஒரு பையன் இருந்தானாம்."

நான் கவனித்தது வேறு. ஒரு சாப்பாட்டு நேரத்தில் 'சார்' என்ற சொல் பதினான்கு முறை வந்தது.

இரண்டாம் மாதம் அவர்கள் சட்டங்களுக்கு வந்தார்கள். அன்று அவள் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இதைக் கேளுங்க. புருஷனுக்குப் பொண்டாட்டி மேல சந்தேகம் வந்தா, சாட்சியே வேணாமாம். அவளைப் பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனாப் போதும். அவர் ஒரு சாபத்தை மையால எழுதி, அந்த எழுத்தைத் தண்ணியில கழுவி, அவளைக் குடிக்கச் சொல்லுவார். தப்பு பண்ணியிருந்தா வயிறு வீங்கும். பண்ணலைன்னா ஒண்ணும் ஆகாது."

"ம்."

"புருஷனுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, பாத்தீங்களா? ஐயாவுக்குச் சந்தேகப்படறது மட்டும்தான் வேலை."

சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வாக்கியங்களுக்கு நடுவே பென்சிலால் சாய்ந்த கோடுகள் போட்டிருந்தன. மெல்லிய கோடுகள். அந்த ஒரு பக்கத்தில் முப்பத்தொன்று இருந்தன.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புரூஃபில் நாங்கள் ஒரு சொல்லின் மேல் கோடு போட்டால், அதற்கு நேராகத் தாளின் ஓரத்தில் ஒரு குறி போடுவோம். நீக்கு, சேர், இடம்விடு, மாற்று. கோடு இடத்தைக் காட்டும், குறி என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். ஓரத்தில் குறி இல்லாமல் கோடு மட்டும் நிற்கிற பக்கத்தைப் பதினொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. அப்படி நின்றால் குறி வேறெங்கோ இருக்கிறது. யாரோ ஒருவருக்கு அது மனப்பாடமாகத் தெரியும்.

அவளிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். பதில் வந்துவிட்டால் அதையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நோட்டு வாங்கினேன். அவள் குளிக்கும் பத்து நிமிடத்தில் தினமும் இரண்டு பக்கம் பார்த்து, கோட்டுக்கு முன்னால் நிற்கிற சொற்களை மட்டும் எழுதினேன். வந்து. அவளுக்கு. மறைவாய். வாசலில். மூன்றாம் நாள். சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சேராத இடங்களில் கோட்டுக்குப் பின்னால் நிற்கிற சொல்லை எடுத்துக்கொண்டேன். அப்போது சேர்ந்தன. அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. நூற்று நாற்பது பக்கம். ஒரு அடித்தல்கூட இருக்காது.

ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரம் ஆசிரியரின் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. ஆசிரியர் பிரம்பு நாற்காலியில், முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கியபடி இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நன்றாகச் சவரம் செய்திருந்தார். என் மனைவி நான்கடி தள்ளி மர முக்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி சிவப்பு விளக்கோடு இருந்தது.

"அட, மாப்பிள்ளையா! வாங்க, அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காருங்க" என்றார் அக்கா. "உங்க வீட்டுக்காரி வாய் ஓயாம உங்களைப் பத்தித்தான். அவருக்கு ஒரு தப்புகூடத் தப்பாதுன்னு ஒரே பெருமை. இங்க இந்த மிஷின் சத்தத்துல ஒரு வெள்ளமே வந்து வடிஞ்சிருச்சு. கப்பல்ல யாரு ஏறினா, யாரு எறங்கினான்னே எனக்குத் தெரியல."

"அதெல்லாம் பதிவாகியிருக்கு அக்கா, ராத்திரி போட்டுக் கேளு" என்றார் ஆசிரியர். "வணக்கம் தம்பி. உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருந்தது."

எதற்கு நன்றி என்று அவர் சொல்லவில்லை. எழுதாமல் விட்டதில்தான் கதை இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான்.

அறையில் எப்போதும் அக்கா இருந்தார் என்பதை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். இருந்தார். மிஷினும் இருந்தது. அந்தச் சத்தத்தில் நான்கடி தள்ளி என்ன பேசினாலும் ஜன்னலோரம் கேட்காது. நான் உட்கார்ந்து பார்த்தேன். கேட்கவில்லை.

ஏழாம் மாதம் காதல் பாட்டுகள் வந்தன. ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தேடுகிற பாட்டுகள். அந்தப் பக்கங்களில் கோடுகள் மிகக் குறைவாக இருந்தன. அங்கே வரிகள் சின்னவை என்று நீங்கள் சொல்வீர்கள். நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். அங்கே குறிப்பு தேவைப்படவில்லை. வாசித்தாலே போதும்.

அதே வாரம் ஒரு மருந்து நிறுவனத்தின் துண்டுத்தாள் என் மேசைக்கு வந்தது. அவள் காலையும் மாலையும் இழுக்கும் மருந்தின் தாள். அதைத் தேடி நான் போகவில்லை. கமா அக்காவுக்குக் கண்வலி, அதனால் என்னிடம் தள்ளினார். ஆறாம் பத்தியில், தடித்த எழுத்தில், மருத்துவரைக் கேட்காமல் இந்த மருந்தை நிறுத்தக்கூடாது என்று இருந்தது. நிறுத்தினால் என்னவாகும் என்பது அடுத்த வரியில். அந்த வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. சேர்த்தேன்.

அன்று மாலை குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருந்ததை எடுத்துவிட்டு, தீர்ந்துபோன பழையது ஒன்றை அதே இடத்தில் வைத்தேன்.

இதைக் கொலை என்று எழுதச் சொல்கிறீர்கள். நான் அப்போது வைத்த பெயர் வேறு. சாட்சி இல்லாத சந்தேகத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. குற்றமில்லாதவளுக்கு ஒன்றும் ஆகாது. நான் அவளுக்கு எதையும் குடிக்கக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன். இரண்டாவது இன்ஹேலர் கைப்பையில் இருக்கத்தான் செய்தது. அது நியாயமான சோதனை என்றே நினைத்தேன்.

நான்கைந்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு மாடிப்படியில் பாதியில் நின்றாள்.

"ஏங்க, இந்த மருந்து இப்பல்லாம் தொண்டையில ருசியே தெரியல."

"கம்பெனிக்காரன் ஏதாவது மாத்தியிருப்பான்."

"அப்படியா? நீங்கதான இந்தத் தாளெல்லாம் படிக்கிறவரு, சொன்னா சரிதான்."

அவள் அண்ணன் போன் செய்தார். "மாப்பிள்ளை, தங்கச்சி குரல் சரியில்லையே. பேசும்போதே இழுக்குது. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"சனிக்கிழமை காட்டுறேன் மச்சான்."

"மறந்துடாதீங்க. அது வாய்விட்டுச் சொல்லாது. சின்ன வயசுலயே அப்படித்தான், மூச்சு முட்டினாலும் ஒண்ணுமில்லன்னு சிரிக்கும்."

சனிக்கிழமை கடந்தது. வாசிப்புக்கு மட்டும் அவள் தவறாமல் போய்வந்தாள். இந்த நிலையிலும் போகிறாள் என்பதைக் குறித்துக்கொண்டேன். பக்கங்களில் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. ஒரு பக்கத்துக்கு நாற்பது, ஐம்பது, எழுபது. அவர்களுக்குள் பேச இவ்வளவு இருந்தது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை காலை. அன்று அவளுக்கு வார விடுமுறை. பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. திரையில் அவள் பெயர். ஒரு சட்டத் தொகுப்பின் கடைசி புரூஃபில் இருந்தேன்.

"போனை எடுப்பா" என்றார் கமா அக்கா. "அது விட்டுவிட்டு அடிக்குது. நானே போட்டாலும் இத்தனை கமா போடமாட்டேன்."

பூதக்கண்ணாடி நிமிராமலே, "எடுத்தா, உங்க கமாவையெல்லாம் யார் எடுக்கிறது?" என்றார். மூவரும் சிரித்தோம்.

"வீட்டுலேர்ந்துதான். அப்புறம் பேசிக்கிறேன்" என்றேன்.

மூன்று முறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை. கைப்பையில் இருக்க வேண்டிய இன்ஹேலர் அன்று என் மேசை இழுப்பறையில், அழிப்பான்களுக்குப் பின்னால் இருந்தது. காலையில் எடுத்துவந்திருந்தேன். மூன்று வாரமாக விடை வரவில்லை. ஒரு சோதனையை அப்படியே தொங்கலில் விடக்கூடாது.

மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அச்சகத்துக்கு ஓடிவந்தார்.

எல்லோரும் நான் அழவில்லை என்றார்கள். அதிர்ச்சி என்றார்கள். பிறவி நோய், விதி என்றார்கள். மச்சான் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சனிக்கிழமை டாக்டர் என்னங்க சொன்னார்?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவர் கையை விடவில்லை. அந்த மனிதர் அன்றிலிருந்து என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். விட்ட இடத்திலிருந்து நான் வாசிக்கிறேன் என்றேன். உண்மையில் அவரைப் பார்க்கத்தான் போனேன். துக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் உறவு எப்படி இருந்தது என்று தெரியும். அவர் அழுதார். அக்கா அவரைவிட அதிகமாக அழுதார். அது என் கணக்கைக் குழப்பியது.

வாசிக்க ஆரம்பித்தேன். நீளமான வாக்கியம். நடுவில் திணறினேன்.

"தம்பி, அவசரப்படாதீங்க. முன்னாடி பக்கமெல்லாம் பாருங்க, கோடு போட்டிருப்பாங்க. அந்த மாதிரி நீங்களும் போட்டுக்கிட்டா நல்லது."

"எந்தக் கோடு சார்?"

"மூச்சுக்கோடு. மறுநாள் படிக்க வேண்டியதை முந்தின நாளே வீட்ல மனசுக்குள்ள படிச்சு, எங்கெங்க மூச்சு வாங்கணும்னு பென்சில்ல போட்டுட்டு வருவாங்க. இளைக்கிறது எனக்குக் கேட்டா நான் நிறுத்தச் சொல்லிடுவேன்னு பயம். நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னாங்களே? புரூஃப்ல கோடு போடுவாரு, அதைப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு. அதுக்குத்தான் அன்னிக்கு உங்களுக்கு நன்றின்னேன்."

முன் பக்கங்களைப் புரட்டினேன். பிறகு வாசித்தேன்.

அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய் நோட்டோடு வைத்துச் சரிபார்த்தேன். எல்லா இடத்துக்கும் பொருந்தியது. நீள வாக்கியங்களில் கோடு அதிகம், பாட்டுகளில் குறைவு, கடைசி மூன்று வாரம் மிக அதிகம். எல்லா இடத்துக்கும் பொருந்தும் விளக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட பதிலாக இருக்கலாம். அதனால் அடுத்த திங்களும் போனேன். நான்கு மாதம் போனேன். அவர் வாய் தவறுவார் என்று காத்திருந்தேன்.

அவரும் காத்திருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பார்வையில்லாதவர் முன்னால் முகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிடுகிறோம். அவர் குரலைத்தான் பார்க்கிறார்.

போன வாரம் அவர் சொன்னார். "இன்னிக்கு ஒரு பழைய பக்கம் படிப்போமா? அந்தச் சந்தேகப்பட்ட புருஷன் சட்டம். உங்க வீட்ல அதைப் படிச்சப்ப சிரிச்சாங்க. பதிவுல இருக்கு."

வாசித்தேன். முப்பத்தொரு கோடுகள். ஒன்றிலும் நான் நிற்கவில்லை. முடித்தபோது தையல் மிஷின் ஓடவில்லை.

"கடைசி மூணு வாரப் பதிவை ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட போட்டுக் காட்டினேன்" என்றார் ஆசிரியர். "அப்பவே நான் கேட்டேன், ஏம்மா இப்படி இளைக்குதுன்னு. மருந்து தவறாம எடுத்துக்கிறேன் சார்னாங்க. இது மருந்து எடுக்கிற மூச்சு இல்லைங்கறார் டாக்டர்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"மருந்து வாங்கிட்டு வர்றது யாரு தம்பி?"

"நான்தான்."

"சரி. மேல படிங்க."

படித்தேன். அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. அடுத்த முறை போனபோது மர முக்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில். குளியலறை இன்ஹேலரை மாற்றியவன் நான். கைப்பையிலிருந்து மற்றதை எடுத்தவன் நான். மூன்று அழைப்பையும் பார்த்து, எடுக்காமல் இருந்தவன் நான். அவளுக்கு வேறு யாரோடும் எதுவும் இல்லை என்று ஆசிரியரும், அக்காவும், மச்சானும், நீங்களும் சொல்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. கோடுகள் மூச்சுக்காகப் போட்டவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் பக்கம், இரண்டாம் பத்தி, கடைசி வாக்கியம். அவள் இறப்பதற்கு முந்தின நாள் வாசித்தது. அதில் மொத்தம் நான்கே சொற்கள். இரண்டாவது சொல்லுக்குப் பிறகு ஒரு கோடு போட்டிருக்கிறாள். நான்கு சொல்லைச் சொல்ல நடுவில் யாருக்கும் மூச்சு வாங்கத் தேவையில்லை. ஆசிரியரைக் கேட்டு, அந்த ஒரு கோடு எதற்கு என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.